வெள்ளை மாளிகையில் ஒரு வேட்டைத் திட்டம்

பெரியோர் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவர்கள் செய்து முடித்தவற்றையே வரிசைப்படுத்துவர். வென்ற போர், இயற்றிய சட்டம், பெற்ற பரிசு என்று அவ்வரிசை நீளும். ஆனால் ஒரு மனிதனை அவன் செயலைவிட, அச்செயலுக்கு முன் அவன் செய்துகொண்ட ஆயத்தமே நன்கு காட்டும் என்பது என் எண்ணம். பரீட்சைக்கு முதல்நாள் இரவில் புத்தகத்தைத் திறக்கும் மாணவ நண்பர்களுக்கு இது எளிதில் விளங்கும்! ஆகவே அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 26-ஆவது குடியரசுத் தலைவராக விளங்கிய தியோடர் ரூஸ்வெல்ட்டின் வரலாற்றை இங்கே ஒரு தனி வாயிலின் வழியே சொல்ல விரும்புகிறேன். 1908-ஆம் ஆண்டில், வெள்ளை மாளிகையில் இருந்தபடியே, ஆப்பிரிக்க வேட்டைக்காக அவர் தேர்ந்தெடுத்த துப்பாக்கிகளும் தோட்டாக்களுமே அவ்வாயில்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வேறு. இவர் அவருக்கு முற்பட்டவர், தூரத்து உறவினர். நான் வேட்டைக்காரனும் அல்லன். தேசிய மாணவர் படைப் பயிற்சியில் .22 துப்பாக்கியைச் சில முறை தோளில் தாங்கியதோடு என் அனுபவம் முடிகிறது. ஆயினும் இவ்வரலாற்றைப் படித்த நாள் முதல் ஒரு கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. காடுகளையும் விலங்குகளையும் காத்ததற்காக உலகம் போற்றிய ஒருவர், விலங்குகளைக் கொல்வதற்கு ஓராண்டுக் காலம் திட்டமிட்டது எவ்வாறு?

நோயாளிச் சிறுவன்

ரூஸ்வெல்ட் 1858 அக்டோபர் 27 அன்று நியூயார்க் நகரில் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். செல்வம் இருந்தது, மூச்சுத்தான் இல்லை. ஆஸ்துமா நோய் இரவெல்லாம் அச்சிறுவனை உட்காரவைத்தது. ஓடியாட இயலாதவன் புத்தகங்களில் உலவினான். அவற்றிலும் விலங்குகளையும் பறவைகளையும் பற்றியவையே அவனுக்குப் பிடித்தவை. கடைத்தெருவில் கண்ட கடல்நாய் ஒன்றின் தலையோட்டைக் கொண்டுவந்து, வீட்டிலேயே ஒரு பொருட்காட்சிச் சாலையைத் தொடங்கினான். உள்ளம் வளர்ந்திருக்கிறது, உடலை நீதான் வளர்க்க வேண்டும் என்று தந்தை ஒருநாள் அறிவுறுத்தினார். அன்று முதல் உடற்பயிற்சி அச்சிறுவனின் நோன்பாயிற்று.

1872-இல், பதின்மூன்று வயதில், அவனுக்கு முதல் துப்பாக்கி கிடைத்தது. உடன்வந்த தோழர்கள் பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர்; அவனுக்கோ பறவையே தென்படவில்லை. தொலைவில் இருந்த விளம்பரப் பலகையின் எழுத்துகளைப் பிறர் படித்தபோதுதான் தன் கண்ணின் குறை அவனுக்குத் தெரிந்தது. மூக்குக்கண்ணாடி வந்தது, அதுவரை அறியாத அழகிய உலகம் ஒன்றும் கூடவே வந்தது. அந்தக் குளிர்காலத்தில் குடும்பத்தோடு எகிப்துக்குச் சென்று, நைல் நதிக்கரையில் பறவைகளைச் சுட்டுத் தோலுரித்து, பதப்படுத்தி, பெயரெழுதி வைத்தான். முதல் துப்பாக்கியும் முதல் கண்ணாடியும் ஒரே ஆண்டில் வந்தன என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

துயரமும் தொண்டும்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று 1880-இல் பட்டம் பெற்றார். அரசியலில் இறங்கினார். 1884 பிப்ரவரி 14 அன்று, ஒரே வீட்டில், ஒரே நாளில், தாயும் இளம் மனைவியும் இறந்தனர். மனம் உடைந்த அவர், மேற்கே டகோட்டா சமவெளிக்குச் சென்று கால்நடைப் பண்ணையில் வாழ்ந்தார். குதிரையும் துப்பாக்கியும் அவருக்கு மருந்தாயின.

அதற்கு முந்தைய ஆண்டிலேயே காட்டெருமை வேட்டைக்காக அவர் அங்கே வந்திருந்தார். ஒருகாலத்தில் சமவெளியையே மறைத்து நின்ற அக்காட்டெருமைகளில் ஒன்றைக் காணப் பல நாள் அலைய நேர்ந்தது. கண் முன்னே ஓர் இனம் அழிவதை அவர் கண்டார். 1887-இல் வேட்டைக்காரர்களையே கூட்டி, வனவிலங்குகளைக் காப்பதற்காக 'பூன் அண்டு கிராக்கெட்' என்னும் கழகத்தை நிறுவினார்.

1898-இல் கியூபாப் போரில் பெற்ற புகழ் அவரை நியூயார்க் மாநில ஆளுநராக்கியது. 1901-இல் துணைக் குடியரசுத் தலைவரானார். அவ்வாண்டே மெக்கின்லி சுட்டுக் கொல்லப்படவே, 42 வயதில் நாட்டின் தலைமை அவர் கைக்கு வந்தது. ஏழரை ஆண்டு ஆட்சியில் 5 தேசியப் பூங்காக்கள், 51 பறவைச் சரணாலயங்கள், 18 தேசிய நினைவிடங்கள் தோன்றின. அவர் காலத்தில் பாதுகாப்பு பெற்ற நிலம் சுமார் 23 கோடி ஏக்கர். ரஷ்ய-ஜப்பானியப் போரை முடித்துவைத்ததற்காக 1906-இல் நோபல் சமாதானப் பரிசும் பெற்றார்.

திட்டம் பிறந்தது

மீண்டும் தேர்தலில் நிற்பதில்லை என்று 1904-லேயே அவர் நாட்டுக்கு வாக்களித்திருந்தார். தமக்குப் பின் வரும் டாஃப்ட்டின் தோளுக்குப் பின்னால் நின்று ஆட்சி நடத்துகிறார் என்ற பழி வாராதிருக்க, தொலைதூரம் போய்விடுவதே நல்லது என எண்ணினார். இளமைக் கனவான ஆப்பிரிக்காவும் அழைத்தது.

1908 மார்ச் மாதம், புறப்பாட்டுக்கு ஓராண்டு முன்பே, கடிதங்கள் பறக்கலாயின. ஆப்பிரிக்க வேட்டையில் பழுத்த ஆங்கிலேயர் பிரெடரிக் செலூஸ், விலங்குப் பாதுகாப்பில் முன்னின்ற எட்வர்டு பக்ஸ்டன் ஆகியோரிடம் எந்த மாதம் மழை, எந்தப் பாதையில் நோய், எந்த விலங்குக்கு எந்தத் துப்பாக்கி என்று விசாரித்தார். காலத்தையும் இடத்தையும் வலிமையையும் அறிந்து செயல்படுவதற்குத் திருக்குறளில் தனித்தனி அதிகாரங்கள் உண்டு. அவற்றை அறியாத அம்மனிதர் அம்மூன்றையும் கடைப்பிடித்தார் என்பேன்.

ஜூன் 20 அன்று ஸ்மித்சோனியன் நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், தம் பயணம் வெறும் கொலைப் பயணமாகாமல் பொருட்காட்சிச் சாலைக்கு விலங்குகளைச் சேகரிக்கும் பயணமாக அமையட்டும் என்று கேட்டார். அவர்கள் மூன்று இயற்கை அறிஞர்களைத் துணைக்கு அனுப்ப இசைந்தனர். அறிஞர்களின் செலவுக்கு நன்கொடை திரட்டப்பட்டது. தமக்கும் தம் மகன் கெர்மிட்டுக்கும் ஆகும் செலவை ரூஸ்வெல்ட் தாமே ஏற்றார். பயணக் கட்டுரைகளுக்காக ஒரு பதிப்பகம் அவருக்கு 50,000 டாலர் தர முன்வந்தது. கெர்மிட் அப்போது ஹார்வர்டு மாணவன்; ஓராண்டுப் படிப்பை நிறுத்திவைத்து வந்தவன்.

மூன்று துப்பாக்கிகள்

இனி ஆயுதங்களைப் பார்ப்போம். துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தை அங்குலத்தின் பின்னமாகக் குறிப்பது வழக்கம். .30 என்றால் ஓர் அங்குலத்தை நூறாக்கியதில் முப்பது பங்கு. ஆனால் விட்டம் மட்டும் போதாது. ரவையின் எடை, அதன் வேகம், அதன் மேலுறை எல்லாம் சேர்ந்தே அதன் ஆற்றலைத் தீர்மானிக்கும்.

முதலாவது, அமெரிக்கப் படைக்குரிய .30 ஸ்பிரிங்ஃபீல்டு. கட்டையையும் குறிபார்க்கும் உறுப்புகளையும் தம் உடலுக்கும் கண்ணுக்கும் ஏற்ப மாற்றி அமைத்துக்கொண்டிருந்தார். இதன் கூர்முனை ரவை ஏறக்குறைய 10 கிராம் எடைதான். ஆனால் மிக விரைவாகவும் நேராகவும் செல்லும். திறந்த வெளியில் தொலைவில் நிற்கும் மான் வகைகளுக்கு ஏற்றது. தோளில் உதைப்பதும் குறைவு.

இரண்டாவது, .405 வின்செஸ்டர். விசைக் கைப்பிடியைக் கீழே இழுத்து மேலே தள்ளினால் அடுத்த தோட்டா குழலுக்கு வந்துவிடும். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்க வேண்டியதில்லை. இதன் ரவை 19 கிராமுக்குச் சற்று மேல். பாய்ந்து வரும் சிங்கத்தின் முன் இரண்டாம் முறை சுடக் கிடைக்கும் நேரம் ஓரிரு நொடிகளே என்பதை எண்ணிப் பார்த்தால், இத்தேர்வின் காரணம் புலப்படும். இதற்காக அவர் நிறுவனத்தாருக்கு எழுதிய கடிதங்கள் ஒரு தையற்காரனிடம் சட்டைக்கு அளவு சொல்வது போன்றவை. பழகிய பழைய துப்பாக்கியையே மாதிரியாக அனுப்பினார். வந்தவற்றில் பின்குறி தம் கண்ணுக்கு ஏற்றவாறு அமையாததைக் கண்டு மாற்றித் தரும்படி எழுதினார். நாட்டுத் தலைவருக்கு இத்தனை நுணுக்கம் வேண்டுமா என்று கேட்கலாம். அவர் கண்ணின் நிலையை அறிந்தால் அப்படிக் கேட்க மாட்டோம்.

மூன்றாவது, யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் உரிய .500-.450 ஹாலந்து இரட்டைக்குழல் துப்பாக்கி. .500 அளவுத் தோட்டா உறையின் கழுத்தைச் சுருக்கி .450 ரவையைப் பொருத்தியதால் இந்த இரட்டைப் பெயர். ரவையின் எடை சுமார் 31 கிராம். முதல் துப்பாக்கியின் ரவையைப் போல மூன்று மடங்கு. இரண்டு குழல்களுக்கும் தனித்தனி விசை. எனவே ஒன்று பழுதானாலும் மற்றொன்று வெடிக்கும். ஆனால் இரண்டு முறை சுட்டபின் அது வெறும் இரும்பு.

இத்துப்பாக்கி விலைக்கு வாங்கியதன்று. பக்ஸ்டனின் முயற்சியால் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர் பணம் சேர்த்து அளித்த பரிசு. இந்தியாவின் வைசிராயாக இருந்த கர்சான் பிரபுவின் பெயரும் அப்பட்டியலில் உண்டு. எதற்காக இப்பரிசு? தேசியப் பூங்காக்களையும் காப்புக் காடுகளையும் அமைத்து உயிரினங்களைக் காத்த தொண்டுக்காக! காத்ததற்குக் கைம்மாறாகக் கொல்லும் கருவி. அக்காலத்தவர்க்கு இதில் முரண்பாடு தோன்றவில்லை.

இந்த .450 அளவுக்கு நம் நாட்டோடும் ஒரு தொடர்பு உண்டு. அதே அளவுள்ள மார்ட்டினி-ஹென்றி படைத்துப்பாக்கிகள் ஆங்கில ஆட்சியை எதிர்ப்போர் கையில் இருந்தன. வேட்டைத் தோட்டாவின் ரவை அவற்றுக்குப் பயன்பட்டுவிடும் என்று அஞ்சி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வளவு வேட்டைத் துப்பாக்கிகளை இந்தியாவுக்குள் கொண்டுவர அரசு தடை விதித்தது. துப்பாக்கி செய்வோர் .465, .470 என்று புது அளவுகளைப் படைத்தது அதனால்தான்.

தோட்டாவும் சுமையும்

தோட்டாவிலும் இருவகை வேண்டியிருந்தது. ரவை முழுவதும் கடின உலோக உறை போர்த்திருந்தால், அது உருக்குலையாமல் தடித்த தோலையும் எலும்பையும் துளைத்துச் செல்லும். யானைக்கு அதுவே வேண்டும். முனையில் ஈயம் வெளியே தெரிந்தால், உடலில் பட்டதும் மலர்ந்து பெருங்காயம் செய்யும். சிங்கத்துக்கு அது ஏற்றது. 1890-களில் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச் சாலையில் செய்யப்பட்டு, ஊரின் பெயரையே பெற்ற தோட்டா இந்த இரண்டாம் வகைதான்.

இவற்றை எல்லாம் யார் சுமப்பது? ரயில் பாதைக்கு அப்பால், மனிதனின் தலைதான் வண்டி. ஒரு சுமைக்காரனுக்கு 60 பவுண்டு என்பது கணக்கு. தோட்டாவாயினும் மாவாயினும் அதற்குள் அடங்க வேண்டும். தோலைப் பதப்படுத்தக் கொண்டுசென்ற உப்பு மட்டும் நான்கு டன்; ஒரே முறையில் தூக்குவதானால் 130 பேருக்கு மேல் வேண்டும். அவர் உடன்கொண்டுபோன புத்தகங்களும் இக்கணக்குக்கு உட்பட்டன. சுமார் 60 நூல்களின் ஓரங்களை வெட்டி, பன்றித்தோலால் கட்டி, அலுமினியப் பெட்டியில் அடுக்கி, ஒரு தலைச்சுமையாக ஆக்கினர். இரத்தமும் வியர்வையும் துப்பாக்கி எண்ணெயும் படிந்த கையோடு படிக்க அதுவே ஏற்ற கட்டடம். வேட்டைக்குப் போகும்போதும் ஒருவன் தலைச்சுமையைப் புத்தகத்துக்கென்று ஒதுக்கினாரே, அதை எண்ணி மகிழ்கிறேன். அதைச் சுமந்தவனின் பெயரை வரலாறு ஒதுக்கி வைக்கவில்லையே என்று வருந்தவும் செய்கிறேன்.

பட்டியலில் மற்றொன்றும் இருந்தது: பல ஜோடி மூக்குக்கண்ணாடிகள். கிட்டப்பார்வை மட்டுமன்று, தலைவராக இருந்தபோது குத்துச்சண்டைப் பயிற்சியில் பட்ட அடியால் அவர் இடக்கண் பார்வை போயிற்று. அடித்த இளைஞர் வருந்துவாரே என்று அதைப் பல ஆண்டுகள் வெளியே சொல்லவில்லை. ஆக, இத்தனைத் துப்பாக்கிகளையும் தெரிந்தெடுத்தவர் ஒற்றைக்கண் பார்வையினர். தாம் சிறந்த குறிகாரர் அல்லர் என்பதை அவரே அறிவார். அந்த அறிவே ஆயத்தத்தின் வேர்.

ஆப்பிரிக்காவில்

1909 மார்ச் 4 அன்று பதவி நீங்கினார். 23-ஆம் நாள் கப்பலேறினார். ஏப்ரல் 21 அன்று மொம்பாசாவில் இறங்கினார். அங்கிருந்து ரயில் எஞ்சினின் முன்னே அமைத்த இருக்கையில் அமர்ந்து, இருமருங்கிலும் மேயும் விலங்குகளைக் கண்டவாறு சென்றார். அந்த ரயில் பாதையை இட்டவர்கள் நம் நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்ட கூலித் தொழிலாளர் சுமார் 32,000 பேர். ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே மாண்டனர். 1898-இல் சாவோ ஆற்றுப் பாலத்தருகே இரண்டு சிங்கங்கள் அவர்களைக் கூடாரத்திலிருந்து இழுத்துச் சென்ற கதையைப் பாட்டர்சன் எழுதிய நூலில் ரூஸ்வெல்ட் விரும்பிப் படித்திருந்தார். அத்தொழிலாளர்க்குத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க ஓராண்டு அவகாசம் வாய்க்கவில்லை.

ஓராண்டுத் திட்டமும் ஒரு நொடியில் பொய்க்கக்கூடும் என்பதைக் கெனியா மலைக்காட்டில் கண்டார். வழிகாட்டி கன்னிங்ஹாமுடன் அடர்ந்த புதருள் ஒரு தந்த யானையை நெருங்கி, ஹாலந்து துப்பாக்கியால் சுட்டார். முதல் குண்டில் யானை தடுமாறியது, இரண்டாவதில் வீழ்ந்தது. அக்கணமே பக்கத்துப் புதரைப் பிளந்துகொண்டு வேறோர் ஆண் யானை, கை எட்டும் தொலைவில் வந்தது. இரு குழல்களும் வெறுமை! மரத்தின் பின் பாய்ந்து, துப்பாக்கியைத் திறந்து, வெற்றுறைகளைத் தள்ளிப் புதுத் தோட்டாக்களை இடுவதற்குள், கன்னிங்ஹாம் இருமுறை சுட்டு யானையைத் திருப்பிவிட்டார். அன்று அவரைக் காத்தது பக்கத்தில் நின்ற துணைவன்.

1910 மார்ச் மாதம் கார்ட்டூமில் பயணம் முடிந்தது. தந்தையும் மகனும் வீழ்த்திய பெருவிலங்குகள் 512. தந்தை 296, மகன் 216. அவற்றில் சிங்கங்கள் 17, யானைகள் 11, காண்டாமிருகங்கள் 20. அறிஞர்கள் சேர்த்த எலி, பறவை, பாம்பு முதலியவற்றையும் கூட்டினால் 11,000-க்கு மேல். இன்றும் அச்சேகரிப்பு ஆராய்ச்சியாளர்க்குப் பயன்படுகிறது.

ஒரு குண்டும் ஒரு கணக்கும்

1912-இல் அவர் மீண்டும் தேர்தலில் நின்றார். அக்டோபர் 14 அன்று மில்வாக்கி நகரில் ஒருவன் அவர் மார்பில் சுட்டான். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த 50 பக்கச் சொற்பொழிவும் மூக்குக்கண்ணாடிக் கூடும் குண்டின் வேகத்தைத் தணித்தன. வேட்டைக்காரராயிற்றே! இருமிப் பார்த்தார், வாயில் இரத்தம் வரவில்லை. நுரையீரல் துளைபடவில்லை என்று தெளிந்து, மேடையேறி ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். குண்டு இறுதிவரை அவர் உடலிலேயே தங்கிற்று. சிறுவயதில் துப்பாக்கியோடு கூடவே வந்த கண்ணாடி, முதுமையின் வாயிலில் துப்பாக்கியிடமிருந்து காத்தது. தேர்தலில் தோற்றார், பிரேசில் காட்டில் அறியாத ஆறொன்றைத் தேடிச் சென்று உயிருக்குப் போராடி மீண்டார், 1918-இல் கடைக்குட்டி மகனைப் போரில் இழந்தார். 1919 ஜனவரி 6 அன்று, 60 வயதில், உறக்கத்திலேயே மறைந்தார்.

என் கேள்விக்கு வருகிறேன். வீழ்ந்த 20 காண்டாமிருகங்களில் ஒன்பது, நைல் கரையில் உள்ள லாடோ பகுதியின் வெள்ளைக் காண்டாமிருகங்கள். அவ்வினம் அரிது என்பது ரூஸ்வெல்ட்டுக்குத் தெரியும். மறைவதற்கு முன் உலகம் காணக் காட்சிச் சாலையில் வைக்க வேண்டும் என்பது அவர் கருதிய நியாயம். அவ்வினத்தின் கடைசி ஆண் 2018 மார்ச் மாதம் கெனியாவில் இறந்தது. அதன்பின் எஞ்சியவை இரண்டே பெண் விலங்குகள். இரவும் பகலும் துப்பாக்கி ஏந்திய காவலர் நடுவே வாழ்பவை. ஒன்பது என்னும் எண்ணை அன்று எழுதியபோது அது சிறு எண். இன்று அதைப் படிக்கும்போது நெஞ்சு நடுங்குகிறது.

அவ்வினத்தை அழித்தவர் ரூஸ்வெல்ட் அல்லர். கொம்பு வணிகமும் உள்நாட்டுப் போர்களும் அழித்தன. அவர் காத்த காடுகளில் இன்றும் கோடி உயிர்கள் வாழ்கின்றன. ஆகவே அவரைக் கொலையாளி என்று தள்ளவும் என்னால் இயலவில்லை. வீரர் என்று மட்டும் போற்றி நிறுத்தவும் மனம் ஒப்பவில்லை. தம் கண்ணின் குறை, துப்பாக்கியின் உதை, சுமைக்காரனின் தலை, மழையின் மாதம் என யாவற்றையும் அளந்தவர் அவர். எத்தனை போதும் என்ற ஒன்றை மட்டும் அளக்கத் தவறினார்.

நண்பர்களே, ஆயத்தம் என்பது பெரும் ஆற்றல். நம்முள் பலர் நாளை பொறியியலாளராக, மருத்துவராக, ஆட்சியாளராகத் திட்டங்கள் தீட்டுவோம். எதைக் கொண்டு, எப்போது, எவ்வழியே என்று ரூஸ்வெல்ட்டைப் போல் நுணுகிக் கேட்போம். அதன்பின் அவர் கேளாது விட்ட கேள்வியையும் சேர்த்துக் கேட்போம்.